கிரம்பிள்: மேலே சிவக்கிறது, உள்ளே ஏன் வேகவில்லை?

கேள்வி: ஆப்பிளும் பிளம்ஸும் சேர்த்து வீட்டில் கிரம்பிள் (பழத்தின் மேல் வெண்ணெய் கலந்த உதிரி மாவைத் தூவி ஓவனில் சுடும் இனிப்பு) செய்தேன். மேல்மாவு நன்றாகச் சிவந்ததும் ஓவனிலிருந்து எடுத்துவிட்டேன். கரண்டி போட்டுப் பார்த்தால் மேல்மாவின் அடிப்பக்கம் பசையாக ஒட்டுகிறது, பழச்சாறு தண்ணீராக ஓடுகிறது, சில ஆப்பிள் துண்டுகள் கடிக்கவே கடினமாக இருக்கின்றன. எங்கே தவறு? அளவுகளையும் சொல்லுங்கள்.

பதில்: நிறத்தை நம்பி எடுத்ததுதான் முதல் தவறு. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மாவு 25 நிமிடத்திலேயே சிவந்துவிடும். ஆழமான பாத்திரத்தின் நடுவில் இருக்கும் பழத்துக்கு அந்த நேரத்தில் சூடு சரியாக ஏறியிருக்காது. பழம் வேகும்போது விடும் நீராவி வேறு மேல்மாவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்குப் போதிய நேரமும் வழியும் இல்லாவிட்டால், மாவின் அடிப்பக்கம் அந்த ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடும்.

ஆறு பேருக்கான அளவு இது. பழம், தோல் கொட்டை நீக்கி நறுக்கிய பிறகு 800 கிராம்: ஆப்பிள் 500, பிளம்ஸ் 300. பழத்தோடு கலக்கச் சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளார் ஒன்றரை மேசைக்கரண்டி. மேல்மாவுக்கு மைதா 150 கிராம், ஓட்ஸ் 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 75 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. சர்க்கரையில் பாதியைப் பழுப்புச் சர்க்கரையாகப் போட்டால் மணம் கூடும். பேக்கிங் பவுடர் வேண்டாம். அது மாவை கேக் போல மெத்தென்று ஆக்கிவிடும். பாத்திரம் 20 செ.மீ. சதுரம், 5 செ.மீ. ஆழம் இருந்தால் போதும்.

ஆப்பிளும் பிளம்ஸும் ஒரே வேகத்தில் வேகாது. ஆப்பிளை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். ஓரம் மட்டும் இளகியிருக்க வேண்டும், குழையக் கூடாது. பிளம்ஸைப் பச்சையாகவே நான்காக வெட்டிச் சேர்க்கலாம். ஆறாத பழத்தின் மேல் மாவைப் போட்டால் ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் உருகிவிடும்.

பழம் மிகவும் சாறுள்ளது என்றால் கார்ன்ஃப்ளாரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மாவு வாடை அடிக்கும். அதற்குப் பதிலாகச் சர்க்கரை கலந்து அரைமணி நேரம் வைத்து, வடிந்த சாற்றை மட்டும் தனியே பாதியாக வற்றவிட்டு, ஆறியதும் பழத்தில் திரும்ப ஊற்றுங்கள். கார்ன்ஃப்ளாரை அதன் பிறகு கலந்தால் போதும். உறைந்த பழமானால் உருகவிடாமல் அப்படியே போடலாம். அப்போது கார்ன்ஃப்ளார் இரண்டு மேசைக்கரண்டி ஆகட்டும், ஓவனில் 10 முதல் 15 நிமிடம் கூடுதலாக இருக்கட்டும். டப்பா பழத்தை நன்றாக வடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

மேல்மாவில் கவனிக்க வேண்டியது வெண்ணெயின் குளிர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் 1 செ.மீ. கட்டிகளாக வெட்டி, மைதா, உப்புடன் சேர்த்து விரல் நுனிகளால் மட்டும் உதிர்த்துக் கலக்குங்கள். உள்ளங்கை பட்டால் அந்தச் சூட்டிலேயே வெண்ணெய் இளகி, மாவு எண்ணெய்ப் பிசுக்காகத் திரளும். அப்படி ஆனால் மேலும் மைதா கொட்டாமல், பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தொடருங்கள். பிரெட் தூள் பதம் வந்ததும் சர்க்கரையும் ஓட்ஸும் சேர்த்துக் கிளறுங்கள். உடனடி ஓட்ஸ் மாவாகக் கரைந்துவிடும், தட்டையான முழு ஓட்ஸே நல்லது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பொடிப்பொடியாகவே இருக்கும் மாவு பழத்தின் மேல் இடைவெளி இல்லாமல் படிந்து, நீராவியை அடைத்துவிடும். அதனால் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து இறுக்கிப் பிடித்து, பிறகு உடைத்துவிடுங்கள். சில பட்டாணி அளவிலும் சில அதைவிடப் பெரிதாகவும் இருக்கட்டும். ஒரே அளவாக இருக்கத் தேவையே இல்லை. இதை ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்து, பழத்தின் மேல் தூவுங்கள். அழுத்தக் கூடாது. ஓரத்தில் விரல் அகலம் விட்டால் நீராவிக்கும் வழி கிடைக்கும், சாறு கொதிப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 போதும். சிறிய ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருக்கும், அதனால் நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். சாறு பொங்கி வழியும் என்பதால் அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். 45 நிமிடம் ஆகும். அதற்கு முன்பே சிவந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி மூடினால் ஆவி அடைபட்டு மறுபடி பழைய கதைதான். மைக்ரோவேவ் முறையில் மட்டும் வைத்தால் பழம் வேகும், மேல்மாவு மொறுமொறுப்பாகாது.

வெந்ததற்கு அடையாளம் இரண்டு. ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் சாறு கெட்டியான குமிழ்களாக மெதுவாகக் கொதிக்க வேண்டும். கத்தி நுனி நடுவில் உள்ள ஆப்பிளில் தடையின்றி இறங்க வேண்டும். கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடு ஏறினால்தான் கார்ன்ஃப்ளார் முழுமையாகக் கெட்டிப்படும். உங்கள் கிரம்பிளில் சாறு தண்ணீராக ஓடியதற்குக் காரணம் அந்தச் சூடு எட்டாததே. எடுத்த பிறகும் மூடாமல் 20 நிமிடம் விடுங்கள். சூடாகவே பரிமாறினால் நன்றாக வெந்த கிரம்பிள்கூட ஓடத்தான் செய்யும்.

முந்தைய நாளே தயார் செய்வதானால் பழத்தையும் மேல்மாவையும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள். சேர்த்து வைத்தால் இரவு முழுக்க மாவு சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனில் நேராக வைப்பது ஆபத்து, விரிசல் விடலாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் ஓவன் ஒத்துழைக்காவிட்டால் மேல்மாவைத் தனியே சுட்டுவிடலாம். தட்டில் பரப்பி, 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், இடையில் ஒருமுறை கிளறிவிட்டுச் சுட்டெடுங்கள். பழத்தை அடுப்பிலேயே கெட்டியாக வேகவைத்து, பரிமாறும்போது மேலே தூவினால் ஈரம் ஏற வாய்ப்பில்லை. பழச்சாறு மேலேறி ஓரங்களில் பாகு போல ஒட்டும் சுவை மட்டும் இதில் கிடைக்காது.