திருவையாற்றில் ஐந்து ஆறு எங்கே?
வாசகர் கேள்வி – பதில்

ஊரின் பெயரில் ஐந்து ஆறு இருக்கிறது. படித்துறையில் நின்றால் காவிரி ஒன்றுதான் கண்ணில் படுகிறது. மற்ற நான்கும் எங்கே?
— வாசகர், சேலம்

படித்துறையில் நின்று தேடினால் கிடைக்காது. தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாறு வரும் 12 கிலோமீட்டர் சாலையில்தான் எண்ண வேண்டும். முதலில் கரந்தை பக்கம் வடவாறு, அடுத்து வெண்ணாறு, பிறகு வெட்டாறு. கண்டியூரைத் தாண்டியதும் குடமுருட்டி. கடைசியாகக் காவிரி. அந்தப் பாலம் இறங்கினால் ஊர். திருவையாறு காவிரியின் வடகரையில் இருப்பதால், தெற்கிலிருந்து வருபவர் ஐந்தையும் கடந்தே ஆக வேண்டும்.

பலர் ஐந்துக்குப் பதிலாக ஆறு பாலங்கள் என்று எண்ணிவிட்டுக் குழம்புவார்கள். தஞ்சாவூர் ரயில் நிலையத்திலிருந்து பழைய பேருந்து நிலையம் போகும் வழியில் குறுக்கிடுவது கல்லணைக் கால்வாய். ஊரில் அதற்குப் 'புது ஆறு' என்று பெயர். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த வெட்டுக் கால்வாய் அது. அப்பர் 'ஐயாறு' என்று பாடியது ஏழாம் நூற்றாண்டில். ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஐந்தும் தனித்தனி ஆறுகள் அல்ல, இரண்டு குடும்பங்கள். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. காவிரி கிழக்கே வந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குடமுருட்டியைப் பிரித்து விடுகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றையும் வடவாற்றையும் பிரித்து விடுகிறது. அதனால்தான் ஆறுகளுக்கு மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் முறைப்பாசனக் காலத்தில் வெண்ணாறு கரை தொட்டு ஓடும்போது காவிரியில் மணல் தெரியும். சில நாள் கழித்து நிலைமை தலைகீழாகும். "காவிரி வற்றிவிட்டது" என்று அன்று திரும்பிப் போகிறவர்கள், கல்லணையில் எந்த ஆற்றின் தலைப்பில் (ஆறு பிரியும் இடத்து மதகில்) தண்ணீர் திறந்திருக்கிறது என்பதைக் கேட்டிருந்தால் போதும்.

பெயருக்குத் தலபுராணம் வேறு விளக்கம் தருகிறது. சூரிய புஷ்கரணி, சந்திர புஷ்கரணி, கங்கை, பாலாறு, நந்திவாய் நுரை ஆகிய ஐந்து தீர்த்தங்கள் நந்தியின் அபிஷேகத்துக்காக இங்கே கூடின என்பது அது. கோயிலுக்குள் அந்தக் கதை பொருந்தும். சாலையில் போகிறவருக்கு ஐந்து பாலங்கள் போதும்.

திருவையாற்றுக் காவிரி இவ்வளவு குறுகலாக இருக்கிறதே! வடக்கே கொள்ளிடம் மட்டும் கடல் மாதிரி விரிந்திருப்பது ஏன்?
— வாசகர், அரியலூர்

திருமானூரிலிருந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, விளாங்குடி வழியாகத் திருவையாறு வந்திருப்பீர்கள். நீங்கள் பார்த்த வித்தியாசம் இந்த ஊரின் வாழ்வுக்கே அடிப்படை. காவிரி பாசன ஆறு, கொள்ளிடம் வடிகால் ஆறு. பாசன ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கொடுத்துக்கொண்டே போவதால் கிழக்கே போகப் போகச் சிறுக்கும். வெள்ளத்தைச் சுமந்து கடலில் சேர்க்கும் கொள்ளிடத்துக்கோ அகலம்தான் உயிர்.

இரண்டும் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிகின்றன. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், மட்டமும் தாழ்வு. விட்டுவிட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. காவிரித் தலைப்பில் மணல் மேடிட்டு, தஞ்சைத் தரணிக்கு வரவேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். பிறகு தொல்லை எதிர்ப்பக்கம் திரும்பியது. காவிரிக்குள் தண்ணீர் அதிகம் பாய்ந்து படுகை அரிக்கத் தொடங்கியதால், காவிரித் தலைப்பையும் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. ஒரு கிளையைத் தொட்டால் மற்றது அசையும். டெல்டாவில் அணை கட்டுகிற எவரும் மறக்கக் கூடாத பாடம் இது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தின்போது அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன.

அதற்கும் வெகுகாலம் முன்பு கரிகாலன் பெயரால் சொல்லப்படும் கல்லணை செய்ததும் இதே வேலைதான். சுமார் 329 மீட்டர் நீளமுள்ள அந்தக் கற்சுவர் தண்ணீரைத் தேக்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்தில் சரிந்து போகாமல் தடுத்துக் கிழக்கே திருப்பவும், வெள்ளம் மிஞ்சினால் வழிய விடவும் ஏற்பட்டது. அந்தச் சுவர் இல்லாமல் திருவையாற்றுப் படித்துறைகளுக்கு வேலையே இல்லை.

ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வந்து பார்க்க ஆசை. எந்த மாதம் வரலாம்?
— வாசகர், சென்னை

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். அங்கே மதகு திறந்தபின் திருவையாறு அதிக தூரமில்லை. ஆனால் தேதியை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூர் திறந்த செய்தியைப் பார்த்து, ஒரு வாரம் விட்டுக் கிளம்புங்கள். ஆடிப்பெருக்கு அன்று பூசப்படித்துறையில் கூட்டம் நெரியும். நிதானமாகப் பார்க்க ஆவணி, புரட்டாசி நல்லது. வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூரில் நிறுத்திவிடுவார்கள். தியாகராஜர் ஆராதனை வரும் புஷ்ய பகுள பஞ்சமி (அவர் மறைந்த தேய்பிறைப் பஞ்சமித் திதி) அதையொட்டி வருவதால், சில ஆண்டு தண்ணீர் இருக்கும், சில ஆண்டு மெலிந்திருக்கும்.

குளிப்பவர்கள் படிக்கட்டை விட்டு நகர வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் புதுத் தண்ணீருக்குக் கீழே தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில்தான் சிக்குகிறார்கள்.

ஏழூர்ப் பல்லக்கு எந்த வழியாகப் போகிறது?
— வாசகர், மன்னார்குடி

சித்திரையில் ஏழு கோயில் ஊர்களைச் சுற்றும் பல்லக்கு விழா இது. திருவையாற்றுக் கோயில் இறைவன் ஐயாறப்பர் அங்கிருந்து புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் (இன்றைய தில்லைஸ்தானம்) வழியாக ஊர் திரும்புவார். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: வடகரையில் கிழக்கே போய், ஆறு கடந்து தெற்கே இறங்கி, மேற்கே நடந்து, மறுபடி ஆறு கடந்து வடகரைக்கு வரும் ஒரு வட்டம். சித்திரையில் ஆறு வறண்டு கிடப்பதால் பல்லக்கை மணலில் இறக்கித் தூக்கிக்கொண்டு போகலாம்.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் திருமழபாடியில் நடக்கும் நந்தி திருமணத்துக்கு இந்த ஊர்கள் உதவியதற்கு நன்றி சொல்லப் போவதாக ஐதிகம். பழனம் பழம் கொடுத்தது, சோற்றுத்துறை சோறு, வேதிகுடி வேதியரை, பூந்துருத்தி பூ, நெய்த்தானம் நெய். பெயரை வைத்துப் பிறந்த கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 'துருத்தி' என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றுக்கு நடுவே உள்ள நிலம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே உள்ள ஊருக்கு அந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் மண் அங்கே பூவையும் வாழையையும் வெற்றிலையையும் வளர்த்தது.

திருவையாற்றுக் கோயிலில் அரசியர் கட்டிய பகுதி எது?
— வாசகர், கும்பகோணம்

வட கைலாயம். முதலாம் இராசராசனின் தேவி உலகமாதேவி எடுப்பித்தது. கல்வெட்டில் 'உலகமாதேவீச்சரம்' என்றே பெயர். காவிரிக்கரையில் இருக்கும் தியாகராஜர் சமாதி மண்டபத்துக்கும் ஒரு பெண்தான் காரணம்: பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் மறைந்தது 1847-இல். முக்கால் நூற்றாண்டு கழித்துச் சமாதி புதர் மண்டிக் கிடந்தபோது, தம் சொத்தைச் செலவிட்டு இடத்தை வாங்கி, மண்டபம் எழுப்பினார். அக்காலத்தில் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதியில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். 1952-இல் மறைந்த அவருடைய நினைவிடம் சமாதிக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிடம் நின்று வாருங்கள்.