வரைவு உத்தரவு எழுதும் மகன்: ஒரு தந்தையின் கவலைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் சட்டம் படித்து முடித்து ஆறு மாதமாக ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இருக்கிறான். இதுவரை நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. நீதிபதி கையொப்பமிடுவதற்கான உத்தரவுகளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். "இதற்குத்தானா இத்தனை வருடம் படிக்க வைத்தேன்? தட்டச்சு வேலைக்குப் போயிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானதுதான். வழக்கறிஞர் என்றதும் கருப்பு அங்கியும் கணீர்க் குரலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவசரப்பட்டு அவனை அந்த அலுவலகத்திலிருந்து விலக்கிவிடாதீர்கள். அவன் கையில் இருப்பது, ஒரு வழக்கின் பலன் முழுவதும் வந்து சேர்கிற காகிதம்.

வாதம் முடிகிறது, நீதிபதி முடிவைச் சொல்கிறார். அந்த முடிவு எழுத்தில் வந்து கையொப்பம் பெற்றால்தான் வங்கி பணத்தை விடுவிக்கும், பதிவு அலுவலர் பெயரை மாற்றுவார், சிறை அதிகாரி கதவைத் திறப்பார். இவர்களில் யாரும் விசாரணையின்போது அங்கே இருந்ததில்லை. வாதம் எவ்வளவு அருமையாக நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது இரண்டு பக்கம் மட்டுமே. அந்த இரண்டு பக்கத்தில் ஒரு தேதி விட்டுப்போனால், வென்ற மனிதர் மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டும்.

இந்த எழுத்து வேலையை யார் செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, தீர்ப்பை ஒட்டித் தீர்ப்பாணை, அதாவது தீர்ப்பின் முடிவை மட்டும் முறைப்படி சொல்லும் ஆவணம், தனியாகத் தயாராகும். அது தீர்ப்போடு ஒத்துப்போகிறது என்று நிறைவடைந்த பிறகே நீதிபதி கையொப்பமிட வேண்டும். தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அது தயாராக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் பல நீதிமன்றங்கள் வரைவை வழக்கறிஞரிடமே கேட்கின்றன. கலிபோர்னியாவில் மனுவில் வென்ற தரப்பு 5 நாட்களுக்குள் வரைவை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதலையோ மறுப்புக்கான காரணத்தையோ தெரிவிக்க அவர்களுக்கு 5 நாள் அவகாசம் உண்டு. வென்றவர் எழுதும் காகிதத்தைத் தோற்றவரும் படித்துப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். இந்த வேலைக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது.

அந்த நேர்மையைத்தான் உங்கள் மகன் முதலில் பழக வேண்டும். நீதிபதி சொல்லாத ஒன்றை, தன் கட்சிக்காரருக்கு உதவும் என்று வரைவுக்குள் நுழைத்துவிடக் கூடாது. சொன்னதில் தனக்குப் பிடிக்காததை மெலிதாக்கவும் கூடாது. 1985-இல் ஆண்டர்சன் எதிர் பெசமர் நகரம் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலை நேராகவே பேசியது. வென்ற தரப்பு எழுதித் தந்ததை விசாரணை நீதிமன்றங்கள் சொல் மாறாமல் எடுத்துக்கொள்வதை அது குறை கூறியது. ஆனாலும், நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகு அவை நீதிமன்றத்தின் முடிவுகளே என்றும் சொன்னது. ஓர் இளைஞன் எழுதிய வாக்கியம் நாளை நீதிமன்றத்தின் வாக்கியமாக நிற்கும் என்றால், அவன் எவ்வளவு பயபக்தியோடு எழுத வேண்டும்!

இனி, கைத்திறன். தமிழில் யோசிப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. "ஆவணங்கள் விரைவில் ஒப்படைக்கப்பட வேண்டும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் ஒப்படைப்பது, யாரிடம், எந்த ஆவணங்கள், எப்போதைக்குள்? செயப்பாட்டுவினை செய்பவரை ஒளித்துவைத்துவிடுகிறது. "விரைவில்" என்ற சொல் யாரையும் கட்டுப்படுத்தாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், இதோடு இணைத்த பட்டியலில் 1 முதல் 4 வரை குறிக்கப்பட்ட மூல ஆவணங்களை இரண்டாம் எதிர்மனுதாரர் மனுதாரரிடம் ஒப்படைக்க வேண்டும்." அழகு குறைவுதான். ஆனால் இதை மீறியவர் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல முடியாது. "உத்தரவு பிறந்த நாள்" என்பதா, "நகல் கிடைத்த நாள்" என்பதா என்ற வேறுபாட்டைக்கூட நீதிபதி சொன்னபடியே எழுத வேண்டும். தெளிவில்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணைப்புப் பட்டியலைச் சுட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை: அந்தப் பட்டியல் உத்தரவோடேயே இருக்க வேண்டும். தடை உத்தரவுகளில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதி 65 மிகக் கண்டிப்பானது: எந்தச் செயலைச் செய்யக் கூடாது என்பதை உத்தரவிலேயே விவரிக்க வேண்டும், "மனுவில் கண்டபடி" என்று வேறு ஆவணத்தைக் கை காட்டிவிட்டுப் போகக் கூடாது. எந்த நாட்டில் எழுதினாலும் இது நல்ல பழக்கம் என்பேன். உத்தரவைக் கையில் வாங்குபவரிடம் மனு இருக்காது.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கையொப்ப இடம் மட்டும் தனிப் பக்கத்தில் நிற்காதபடி, உத்தரவின் சில வரிகளாவது அதே பக்கத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தாள் வேறு எதனோடும் சேர்ந்துவிடலாம். பழைய வழக்கின் வரைவை எடுத்து மாற்றி எழுதும்போது, பழைய பெயரோ எண்ணோ ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் பின்னால் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வழியில் உத்தரவின் சாரத்தை மாற்ற முடியாது. முடித்ததும் வரைவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கேட்டிருந்தீர்கள். நீதிபதிகளின் ஆய்வு உதவியாளர் பணி, அரசின் சட்ட வரைவுத் துறை, தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் நடுவர் மன்றங்கள், ஒப்பந்தம் எழுதும் பணி ஆகிய அனைத்துக்கும் இதுவே அடித்தளம். இந்தியாவில் பல மாநிலங்களின் நீதிபதித் தேர்வில் தீர்ப்பு எழுதுவதும் ஒரு பகுதி. வாதாடும் வழக்கறிஞராகவே வர நினைத்தாலும் இழப்பில்லை. என்ன உத்தரவு வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிப் பார்த்தவன், அதற்குத் தேவையானதை மட்டும் வாதிடுவான்.

ஆனால் எந்த அலுவலகத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவன் எழுதும் வரைவைத் திருத்தும் மூத்தவர் ஏன் திருத்தினார் என்று சொல்கிறாரா? எந்த விசாரணைக்கு உத்தரவு எழுதுகிறானோ அந்த விசாரணையில் அவன் உட்கார்ந்திருக்கிறானா? நீதிபதி கையொப்பமிட்ட இறுதி வடிவத்தைத் தன் வரைவோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறானா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் உங்கள் அச்சம் சரி. ஓராண்டுக்குள் வேறு இடம் பார்க்கட்டும். நீதிபதி எந்தச் சொல்லை அடித்தார், எதைச் சேர்த்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறான் என்றால், இன்னும் ஆறு மாதம் அவனை அங்கேயே விடுங்கள். அந்தக் குறிப்பேட்டோடு அவனை என்னிடம் அனுப்பினால், அடுத்தது என்ன என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம்.