பட்டறையைத் திறக்கும் பையன்

அன்புள்ள அம்மா,

வணக்கம். போன சனிக்கிழமை உங்கள் பையனை வெளியே உட்காரவைத்துவிட்டு, "அவங்க அப்பா இறந்ததோட இவன் படிப்பும் போச்சு சார்" என்று அழுதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவனிடம் ஒரு மணி நேரம் பேசிய பிறகு தோன்றியதை இப்போது எழுதுகிறேன்.

கல்லூரிக்குப் பாதி நாள் போகாமல் கோவை கணபதியில் இருக்கும் அப்பாவின் லேத் (இரும்பைக் கடையும்) பட்டறையில் போய் உட்கார்ந்திருக்கிறான் என்றீர்கள். அவன் உட்கார்ந்திருக்கவில்லை அம்மா. பம்பு ஷாஃப்ட் பத்து உருப்படி அளவு தப்பித் திரும்பி வந்ததாம். கடைந்தவர் மேல் பழி போடாமல், மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்திருக்கிறான். "டாலரன்ஸ்னு கிளாஸ்ல எழுதி மார்க் வாங்கினேன் சார், அன்னைக்குத்தான் அது என்னன்னு தெரிஞ்சது" என்றான். ஓர் உருப்படியின் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்புதான் அந்த டாலரன்ஸ். அதுவரை தரையைப் பார்த்தே பேசியவன், அதைச் சொல்லும்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். அப்பாவின் கணக்கு நோட்டில் யார் யார் பாக்கி என்பதும் அவனுக்கு மனப்பாடம்.

முதல் வருடத்தில் மூன்று அரியர் வைத்த பையன் இவன். மெக்கானிக்கலை ஏன் எடுத்தாய் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. அவனைத் திட்டிக் கல்லூரிக்குத் துரத்தினால் அந்தப் பதிலும் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்காகப் படிப்பை விட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டேன். துக்கம் ஆறாத நேரத்தில் 'இனி பட்டறைதான்' என்று முடிவெடுப்பதும் சரியல்ல. அவனிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சொல்லாமல் நின்றால் 75 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது, செமஸ்டரே வீணாகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' உண்டு. காரணத்தை எழுதி அனுமதி வாங்கினால் ஒரு வருடம் வரை நிறுத்திவிட்டுத் திரும்பப் படிக்கலாம். பரீட்சைக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும், செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எட்டு செமஸ்டர் படிப்பை முடிக்க 14 செமஸ்டர் வரை அவகாசம் இருக்கிறது, இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். கல்லூரி தன்னாட்சி பெற்றதென்றால் விதி கொஞ்சம் மாறலாம், துறைத் தலைவரை நேரில் பாருங்கள். இறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். கல்விக்கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் அரியர் மூன்றையும் எழுத முடியுமா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள், முடிந்தால் எழுதட்டும். அவனுக்குப் படிக்க நேரம் வேண்டும், அதனால் பட்டறையை மதியம் இரண்டு மணிக்கு மேல் பழைய மேஸ்திரி பார்த்துக்கொள்வாரா என்று கேளுங்கள். உறவினர்கள் "பையன் என்ன பண்றான்" என்று கேட்டால், "பட்டறையைப் பாத்துக்கறான், அடுத்த வருஷம் காலேஜ் போறான்" என்று அவன் காதுபடவே சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே உள்ளே வாருங்கள். அந்தக் கணக்கு நோட்டையும் அவனை எடுத்துவரச் சொல்லுங்கள்.