பகுதிநேர வேலைப் பணத்தை இரண்டு முறை செலவழிக்க முடியாது

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 56. பிடித்தம் போகக் கையில் 68,000 ரூபாய் வருகிறது. நான்கு ஆண்டில் ஓய்வு. அதன்பின் 45,000 ரூபாய் அளவில் ஓய்வூதியம் வரும். பி.எஸ்சி. விலங்கியல் முடித்த என் மகள் சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க விரும்புகிறாள், விடுதியோடு இரண்டு ஆண்டுக்கு 3.5 லட்சம் ஆகும். என் மைத்துனரோ, பிரிட்டனில் ‘ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்’ எம்.எஸ்சி. ஓராண்டில் முடிந்துவிடும், பகுதிநேர வேலையிலேயே மாதம் 1.2 லட்சம் வரும், அதிலேயே தவணையைக் கட்டிவிடலாம், பிறகு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை நிச்சயம் என்கிறார். ஒரு தனியார் நிதி நிறுவனம் அடமானமில்லாமல் 11.5 சதவீத வட்டியில் 28 லட்சம் தர ஒப்புதல் கொடுத்துவிட்டது. முகவரிடம் 40,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கொடுத்திருக்கிறோம். மைத்துனர் கடை வைக்க, அவரே கட்டுவார் என்ற நம்பிக்கையில் என் பெயரில் எடுத்த கடனுக்கு இன்றும் மாதம் 9,000 ரூபாய் நான்தான் கட்டுகிறேன். தாய்மாமன் பேச்சைத் தட்டினால் மனைவி வருந்துவார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது 28 லட்சம் அல்ல, அந்த 9,000 ரூபாய்தான். இன்னும் வராத வருமானத்தை, அதுவும் இன்னொருவர் வாயால் சொன்ன வருமானத்தை, வந்துவிட்டதாக எழுதிக்கொண்டு உங்கள் கையெழுத்தில் கடன் வாங்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. கடையின் லாபம் தவணை கட்டும் என்று அன்று நம்பினீர்கள். மகளின் பகுதிநேரச் சம்பளம் தவணை கட்டும் என்று இன்று நம்பச் சொல்கிறார்கள். சொல்பவரும் அதே ஆள்.

மைத்துனர் சொன்ன 1.2 லட்சம் பொய்யல்ல என்பதுதான் இதிலுள்ள சிக்கல். மாணவர் விசாவில் போகிறவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. வாரத்துக்கு 244 பவுண்டு, மாதத்துக்கு ஏறத்தாழ 1,050 பவுண்டு. பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தால் 1.2 லட்சம் வந்துவிடுகிறது. ஆனால் லண்டனுக்கு வெளியே ஓர் அறைக்கு வாடகையும் சாப்பாடும் பேருந்துச் செலவும் சேர்ந்தாலே இந்தத் தொகையில் பெரும்பகுதி போய்விடும். மகள் அங்கே சாப்பிடுவதற்கான பணத்தையே நீங்கள் இங்கே தவணைக்கும் எழுதியிருக்கிறீர்கள்.

கடனைப் பாருங்கள். படிக்கும் ஓராண்டும் அதன்பின் ஆறு மாதமும் அவகாசம் என்று வைத்துக்கொண்டால், தனிவட்டியாகவே 4.8 லட்சம் ஏறி, அசல் 32.8 லட்சம் ஆகிவிடும். பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 46,000 ரூபாய்; மொத்தமாகக் கட்டுவது 55 லட்சத்துக்கு மேல். சக விண்ணப்பதாரர் நீங்கள் என்பதால், மகளால் கட்ட முடியாத மாதங்களில் நிதி நிறுவனம் தேடி வருவது உங்களைத்தான். தவணை தொடங்கி இரண்டரை ஆண்டில் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள், அதன்பின் ஏழரை ஆண்டுக்கு 45,000 ரூபாய் ஓய்வூதியத்திலிருந்து 46,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். ‘அடமானம் இல்லை’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உங்கள் ஓய்வூதியம்தான் அங்கே அடமானம் என்பதை எந்த எழுத்திலும் போடுவதில்லை. இத்தகைய கடனோடு, மொத்தப் பிரீமியத்தையும் ஒரே தடவையில் கட்டும் காப்பீடு ஒன்றையும் அசலில் சேர்த்துத் தலையில் கட்டுவதுண்டு, அதற்கும் பத்தாண்டு வட்டி உண்டு.

வேலை நிச்சயம் என்ற பேச்சுக்கு வருகிறேன். பராமரிப்பு இல்லங்கள் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பணியாளர்களை அழைப்பதற்கான விசா வழியை பிரிட்டன் 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் அந்த வேலைக்கு மாறுவதற்கு நிபந்தனைகளோடு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அதுவும் 2028 ஜூலை வரைதான். படித்து முடித்தபின் தங்கி வேலை தேடுவதற்கான விசாவும், 2027 ஜனவரி 1 முதல் முதுகலை முடித்து விண்ணப்பிப்போருக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 18 மாத விசாவை நம்பி 120 மாதத் தவணையில் கையெழுத்துப் போடுவதை எந்தக் கணக்கும் ஏற்காது.

படிப்பின் பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். இங்கிலாந்தில் ‘சோஷியல் வொர்க்கர்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பணிப்பெயர். சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம், அதற்கு அந்த அமைப்பு ஏற்ற சமூகப்பணிப் படிப்பு வேண்டும். ‘ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்’ எம்.எஸ்சி. பொதுவாக அந்தப் பதிவைத் தராது. வெளிநாட்டில் சமூகப்பணி படித்தவர்களின் தகுதியையோ அதே அமைப்பு பரிசீலித்துப் பதிவு செய்கிறது. ஆகவே, சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துச் சில ஆண்டு அனுபவத்தோடு விண்ணப்பிப்பதுதான், உங்கள் மைத்துனர் காட்டும் வழியைவிட லண்டனுக்கு அருகில் இருக்கிறது.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்ததும் பெரிய சம்பளம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலும் 20,000 ரூபாயைச் சுற்றித்தான் தொடங்குகிறார்கள், மாவட்ட அளவிலான அரசுத் திட்டங்களில் பல பணியிடங்கள் ஒப்பந்த முறையில் இருக்கின்றன. அதனால் சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மகள் நேரம் செலவிட வேண்டும். விலங்கியல் படித்தவருக்கு மருத்துவ, மனநலச் சமூகப்பணி பொருந்தும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முதுகலைக்குப் பின் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரையே மனநலச் சமூகப்பணியாளர் என்று வரையறுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல மருத்துவ நிறுவனம்) போன்ற இடங்களில் அதற்கான பயிற்சி உண்டு. அறிவியலில்தான் மனம் என்றால், எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) தகுதி பெற்று ஆராய்ச்சியில் சேர்கிறவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. போட்டி கடுமைதான், ஆனால் தோற்றாலும் கடன் மிஞ்சாது.

3.5 லட்சம் நான்கு பருவங்களுக்குப் பிரிந்து செலவாவது. மாதம் 15,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. 68,000 ரூபாயில் இது முடியும். மாதம் 9,000 ரூபாயை இனி மைத்துனர் கட்டத் தொடங்கினால் சுலபமாகவே முடியும். அந்தப் பேச்சை எடுப்பதற்கு இதைவிட நல்ல சமயம் அமையாது. போதாமல் போனால், அரசு வங்கியில் 4 லட்சம் ரூபாய்க்குள்ளான கல்விக் கடனுக்கு அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை. மனைவியிடம் நீங்கள் வாதாட வேண்டாம். ஓய்வூதியத்தையும் தவணையையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி, அவரையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பணம் 40,000 ரூபாய் திரும்புவது கடினம். ரசீதை வைத்துக்கொண்டு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், ஆனால் அது போய்விடுமே என்பதற்காக 28 லட்சத்துக்குள் இறங்காதீர்கள். கடன் ஒப்புதல் கடிதத்தில் இதுவரை யாரும் கையெழுத்திடவில்லை என்றால் இனியும் இட வேண்டாம். அதைவிட அவசரமான வேலை, மகளின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் முகவரிடமிருந்து இந்த வாரமே நேரில் போய் வாங்கிவிடுவது. சென்னைக் கல்லூரியில் சேர்க்கையன்று அசலைக் கேட்பார்கள்.