படத்தில் கேட்ட அதே இசை எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களின் பின்னணி இசையை இப்போதுதான் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்திருக்கிறேன். 'சைக்கோ', 'ஜாஸ்', 'பென்ஹர்' என்று எதைத் தேடினாலும் செயலியில் ஒரே பெயரில் நாலைந்து ஆல்பங்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி ஒலிக்கிறது. படத்தில் வந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஜாஸ்' எல்பி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1975-ல் வந்தது, அட்டையில் 'ஒரிஜினல் சவுண்ட்டிராக்' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: எல்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதற்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது. தாராளமாக வாங்குங்கள், நல்ல ஆல்பம். ஆனால் அதில் இருப்பது படத்தில் ஒலித்த பதிவு இல்லை. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் படத்துக்காக ஒரு முறை பதிவு செய்தார், அப்புறம் ஆல்பத்துக்கென்றே இசைக்குழுவை வைத்து இன்னொரு முறை பதிவு செய்தார். 12 துண்டுகள், சிலவற்றை வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்குத் தோதாக நீட்டியும் மாற்றியும் எழுதியிருக்கிறார். கிராமி விருது வாங்கியதும் அந்த ஆல்பம்தான். படத்தில் ஒலித்த பதிவு 25 வருஷம் கழித்து, 2000-த்தில்தான் டெக்கா நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதே வருஷம் நடத்துனர் ஜோயல் மெக்நீலி ஸ்காட்லாந்தின் ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து மொத்தத்தையும் புதிதாக வாசித்து வேறொரு நிறுவனத்துக்கு ஆல்பம் போட்டார். ஆக, ஒரே படம், மூன்று பதிவு! 2015-ல் இன்ட்ராடா நிறுவனம் படப் பதிவையும் 1975 ஆல்பத்தையும் சேர்த்து இரட்டை சிடியாகப் போட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் நான் சொல்வது காதிலேயே புரிந்துவிடும்.

'ஒரிஜினல் சவுண்ட்டிராக்' என்று அட்டையில் இருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும். (மறுபதிவு என்று நான் சொல்வது பிற்பாடு ஆல்பத்துக்காக மறுபடி வாசித்துப் பதிவு செய்வதை, கோடம்பாக்கத்தில் பின்னணி இசை சேர்ப்பதற்குச் சொல்லும் ரீரெக்கார்டிங்கை அல்ல.) பழைய படங்களில் பாதிக்கு மேல் குழப்பம் இங்கேதான். 1959-ல் 'பென்ஹர்' வந்தபோது படத்தை எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோ வெளியிட்ட ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், வாசித்தது ரோம் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் கார்லோ சவீனா. படத்துக்கு வாசித்தது ஸ்டுடியோவின் சொந்த இசைக்குழு, நடத்தியவர் இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜா. இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியும் அப்படித்தான், 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' ஆல்பத்தை ஆர்சிஏ நிறுவனத்துக்காகத் தனியாகப் பதிவு செய்தார், உலகமே அதைத்தான் படத்து இசை என்று நினைத்துக் கேட்டது.

ஏன் இப்படி வேலையை இரண்டு முறை செய்தார்கள்? பணம் ஒரு காரணம். அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்கு வாசித்ததை எடுத்து ஆல்பமாகப் போட்டால் வாசித்தவர்களுக்கு மறுபடியும் பணம் கொடுக்க வேண்டும். பெரிய இசைக்குழு என்றால் அது சின்னத் தொகையா என்ன, ஐரோப்பாவில் ஒரு குழுவை வைத்துப் புதிதாகவே வாசித்துவிடுவது பல நேரம் மலிவாக முடிந்தது. இன்னொரு காரணம் இசையின் வடிவம். படத்துக்கான இசை நாற்பது நொடி, ஒன்றரை நிமிடம் என்று துண்டு துண்டாக இருக்கும், காட்சி வெட்டப்படும் இடத்தில் அதுவும் பட்டென்று நிற்கும், ஆல்பம் வாங்குகிறவருக்கு அது ஒட்டாது. அப்புறம், ஒலிப்பதிவு நாடாக்களே தொலைந்து போனதும் உண்டு. எம்ஜிஎம் தன் படங்களின் முழு இசைக்குறிப்புத் தாள்களைக்கூட இடமில்லை என்று குப்பை மேட்டுக்கு அனுப்பியது. இன்று யாராவது அந்தப் படங்களின் இசையை மறுபடி வாசிக்க நினைத்தால், மிஞ்சிய சுருக்கக் குறிப்புகளையும் படத்தின் ஒலியையும் வைத்து, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மறுபடி எழுத வேண்டும்.

படப் பதிவுக்கும் மறுபதிவுக்கும் நடுவில் கேட்பவர் உணர்கிற வித்தியாசம் பெரும்பாலும் வேகத்தில்தான். 'பென்ஹர்' படத்தில் அடிமைகள் துடுப்பு வலிக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் இரண்டு கையிலும் மரச் சுத்தியலோடு உட்கார்ந்து தாளம் தட்டுகிறான், தளபதி வேகத்தைக் கூட்டச் சொல்லச் சொல்ல அடியும் நெருங்குகிறது, இசை அந்த ஆளின் கையோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும், ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் காட்சி கெட்டுவிடும். 1977-ல் ரோஜா அதே இசையை லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து டெக்காவுக்காக மறுபடி பதிவு செய்தபோது எதிரே திரையும் இல்லை, தட்டுகிற ஆளும் இல்லை. எங்கே இழுப்பது, எங்கே விரட்டுவது என்பதெல்லாம் அவர் இஷ்டம். ஒலி பிரமாதம், பித்தளை வாத்தியங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். படத்தின் பதிவை 1996-ல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட இரட்டை சிடியில் கேளுங்கள், கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஆனால் கப்பலுக்குள் இருக்கிற நெருக்கடி அதில்தான் இருக்கிறது. என் ஓட்டு அதற்கே.

இசையமைப்பாளரே நடத்தியது என்றால் படத்தோடு ஒத்துப்போகும் என்று நினைப்பதும் தப்பு. 'சைக்கோ'தான் இதற்குச் சரியான உதாரணம். 1960-ல் படம் வந்தபோது இசை ஆல்பம் வரவில்லை. இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் அதிலிருந்து சில பகுதிகளைக் கோத்து 1968-ல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்தார், பிறகு 1975-ல், இறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு, முழு இசையையும் நேஷனல் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்தார். இரண்டும் அவர் கையால் நடத்தியதுதான், ஆனால் 1975 பதிவு படத்தைவிட நிதானமாக நகர்கிறது, ஆரம்ப டைட்டில் இசையில் படத்தில் இருக்கும் அந்த வெறி இல்லை. தொண்ணூறுகளில் மெக்நீலி செய்த பதிவு விறுவிறுப்பில் படத்துக்கு நெருக்கம். இதற்கு நடுவில் 1998-ல் படத்தையே மறுபடி எடுத்தார்கள், அதற்காக டேனி எல்ஃப்மன் அதே இசையைத் தழுவிக் கொடுத்த ஆல்பமும் அதே பெயரில் உலாவுகிறது. நீங்கள் செயலியில் பார்த்த நாலைந்தும் பெரும்பாலும் இவைதான்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? நடத்துனர் பெயரையும் இசைக்குழுவின் பெயரையும் பாருங்கள், முக்கால்வாசி விடை அங்கேயே கிடைத்துவிடும். அமெரிக்க ஸ்டுடியோ படத்துக்கு ஸ்காட்லாந்து, பிராக், மாஸ்கோ குழுக்களின் பெயர் இருந்தால் பெரும்பாலும் மறுபதிவுதான். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 'வெர்டிகோ' படத்தின் அசல் பதிவே, 1958-ல் அமெரிக்காவில் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் லண்டனிலும் வியன்னாவிலும் நடந்தது, நடத்தியவரும் இசையமைத்த ஹெர்மன் இல்லை, மியூர் மாத்திசன். 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கே வாசித்தது லண்டன் சிம்பொனிதானே. ஆல்பத்தின் விவரங்களுக்கு அடியில் வட்டத்துக்குள் பி எழுத்து போட்டு ஒரு வருஷம் இருக்கும், அது ஒலிப்பதிவு உரிமையின் வருஷம், படம் வந்த வருஷத்துக்குப் பல காலம் தள்ளி இருந்தால் சந்தேகப்படுங்கள். மறுவெளியீட்டின்போது அதையும் மாற்றிவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். துண்டுகளின் பெயரும் உதவும். 'ஜாஸ்' 2000 டெக்கா ஆல்பத்தில் முதல் துண்டே டைட்டிலும் முதல் பலியும் சேர்ந்து ஓடும், 1975 எல்பியில் டைட்டில் தனி, அந்த முதல் பலியான கிறிஸ்ஸியின் மரணம் தனி. இசைக்குழுவின் பெயரே போடாமல் 'மூவி தீம் ஆர்க்கெஸ்ட்ரா' மாதிரி ஏதோ ஒன்று இருந்தால் கீபோர்டில் தட்டியதாக இருக்கலாம், கடந்து போங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபதிவு என்றாலே இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் குப்ரிக் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஏற்கெனவே இருந்த செவ்வியல் இசையைப் போட்டுக்கொண்டார். நார்த் எழுதியதை உலகம் கேட்டது 1993-ல், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய மறுபதிவில். நார்த்தின் சொந்தப் பதிவு வெளிவர இன்னும் பதினாலு வருஷம் ஆனது. அதே மாதிரி 1940-ல் வந்த 'தி சீ ஹாக்'. கோர்ன்கோல்டின் இசை, படத்தில் வாள் சத்தத்துக்கும் பீரங்கிக்கும் அடியில் மோனோவில் அமுங்கிக் கிடக்கும். 1972-ல் நடத்துனர் சார்லஸ் கெர்ஹார்ட் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் அதைப் பதிவு செய்தார், தயாரித்தவர் கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ். ஆரம்ப எக்காளத்தை அதில் ஒரு தடவை கேளுங்கள், வாசித்தவர்கள் எந்தக் காட்சிக்கும் காத்திருக்கவில்லை என்பது தெரியும். முப்பது, நாற்பதுகளின் படங்களுக்கு நான் முதலில் கைவைப்பது கெர்ஹார்ட் இப்படிப் பதிவு செய்த ஆல்பங்களின் வரிசையில்தான், படத்தின் பதிவை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

ஐம்பதுகளின் கடைசியிலிருந்து வந்த படங்களுக்குத் தலைகீழாகச் செய்யுங்கள், படப் பதிவு கிடைத்தால் அதை முதலில். 'சைக்கோ'வுக்கு மட்டும், மேலே சொன்ன ஆல்பங்கள் எதிலும் படத்தின் பதிவு இல்லை என்பதால், ஆல்பத்தைத் தேடி அலையாமல் படத்தையே போடுங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு ஜேனட் லீ மழையில் கார் ஓட்டிப் போகிற இடத்திலும் குளியலறையிலும் இசை நன்றாகவே காதில் விழும்.