சாமி கும்பிடும் வீட்டில் நாத்திகராக, பெரியாரைப் பிடித்தவராக இருப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் கிராமம், வருசா வருசம் சாமிக்குக் கொடை என்ற திருவிழா நடக்கிற குடும்பம். உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, பெரியார்மேல் மதிப்பு உண்டு. வீட்டில் சண்டை இல்லாமல், பொய்யும் இல்லாமல் இருக்க வழி கேட்கிறீர்கள்.

சாமிக்குச் செய்வது எது, மனுசருக்குச் செய்வது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கொடையில் இரண்டும் பின்னிக் கிடக்கும். பந்தல் போடுவது, விறகு இறக்குவது, பந்தி பரிமாறுவது, வில்லுப்பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு, வெளியூரிலிருந்து வரும் அத்தைக்கும் மதினிக்கும் படுக்க இடம் எல்லாம் மனுசருக்கான வேலை. அதில் முன்னால் நில்லுங்கள். விழுந்து கும்பிடுவது, நேர்ச்சை (வேண்டுதல்) போடுவது, குறி கேட்பது ஆகியவற்றிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

விலகுவதை, கொடை தொடங்கக் கால் நடும் கால்நாட்டுக்கு முன்பே வீட்டுக்குள் சொல்லிவிட வேண்டும். “எம்மா, எல்லா வேலையும் நான் பாக்கேன். கும்பிட மட்டும் கூப்பிடாத, மனசுல இல்லாததச் செய்ய வரல” என்ற அளவு போதும். நடுச்சாமத்தில் நடக்கும் சாமக்கொடையில் சாமியாடி திருநீற்றை அள்ளிக்கொண்டு எதிரே வந்து நிற்கும்போது கையைத் தட்டிவிடுவதுதான் ஆகக் கெட்ட வழி. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், “வளத்த லெச்சணம்” என்ற பேச்சும் உங்களை விட்டுவிட்டு அம்மாமேல் விழும். அந்த நேரத்தில் சமையல் கொட்டகையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கு ஊரில் பிரிக்கும் வரி விசயத்தில் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் கல்யாணம் ஆகும்வரை நீங்கள் அப்பாவின் தலைக்கட்டுக்குள் (வரிக்கு ஒரு குடும்பமாக எண்ணும் கணக்கு) அடக்கம். அதுவரை கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பேரில் தனித் தலைக்கட்டு விழும். அப்போது வரியை நிறுத்தினால், அது நாத்திகமாகப் பார்க்கப்படாது, ஊரோடு முறித்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் தம்பி வீட்டு நல்லது கெட்டதுக்கும் அது நீளும். வரியைக் கொடுத்துவிட்டு, கணக்கைப் பொதுவில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து பெரியார். வாட்சப்பில் சுற்றும் மேற்கோளை ஆச்சியிடம் படித்துக்காட்டாதீர்கள். பெரியார் சொல்லாத பலவும் அவர் பேரில் உலவுகின்றன. 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ இதழின் கட்டுரைகள் தேதியோடு தொகுதிகளாகக் கிடைக்கின்றன. எந்த ஆண்டு, எதற்குப் பதிலாக எழுதினார் என்று பார்த்துப் படியுங்கள். அவரோடு உடன்படாத இடமும் வரும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எவர் சொன்னாலும் உங்கள் அறிவு ஒப்பினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றவர் அவர்.

வீட்டில் பேச்சைத் தொடங்க நம்ம ஊர்ச் சங்கதியே இருக்கிறது. சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பதை எதிர்த்து 1924, 25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். காங்கிரஸ் பணம் 5,000 ரூபாய் போன இடம் அது, பெரியார் அப்போது காங்கிரஸ்காரர். அங்கே கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் சண்டை. சாமி கும்பிடும் தாத்தாவுக்கும் இது உடனே புரியும். உங்கள் பிடிவாதத்தையும் இந்தப் பக்கம் செலவழியுங்கள்: கொடைப் பந்தியில் யாருக்குத் தனி இலை, பொம்பளைகள் ஏன் கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறார்கள், எந்தத் தெருக்காரர் வாசலோடு நிற்கிறார். இதற்கெல்லாம் வாய் திறக்காமல், திருநீற்றுக்கு மட்டும் முறைப்பது பெரியாரைப் படித்ததாகாது.

விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் உடம்பு. வீட்டில் அம்மை போட்டால் “முத்துமாரி வந்திருக்கா” என்று வேப்பிலை வைப்பார்கள், இளநீர் கொடுப்பார்கள். வைக்கட்டும், அதில் கெடுதல் இல்லை. மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. சின்னம்மைக்கான அசைக்ளோவிர் மாத்திரை, கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்கு நோய் கடுமையாகலாம். மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, பிதற்றல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. “அம்மன் கோவிக்கமாட்டா, ஆஸ்பத்திரிக்கும் போவோம்” என்று பேசினால் ஆச்சியும் கூட வருவார். அம்மனே கிடையாது என்று ஆரம்பித்தால் அந்த 24 மணி நேரமும் வாதத்திலேயே போய்விடும்.

கல்யாணத்துக்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. புரோகிதர் வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை. மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ, கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொன்னாலோ செல்லும். நாத்திகர் என்றாலும் இந்துக் குடும்பத்தில் பிறந்தவரைச் சட்டம் இந்துவாகவே பார்க்கும். ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் இது பொருந்தாது. அப்படியானால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். 7-ஏ கல்யாணத்தை 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா என்று பின்னால் யாராவது கிளப்பினால் அது சான்றாக இருக்கும்.

சாவு வீடு தனி. அப்பா நம்பிக்கையோடு வாழ்ந்தவர் என்றால் அவர் காரியம் அவர் விருப்பப்படி நடக்கட்டும். அங்கே உங்கள் கொள்கையை நிறுத்துவது சரியில்லை. உங்கள் காரியத்துக்கு உங்கள் விருப்பத்தை இப்போதே எழுதி வையுங்கள். உடல் தானம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விண்ணப்பம் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று நெருங்கிய உறவினருடையதாக இருக்கட்டும். நீங்கள் எழுதி வைத்திருந்தாலும், அன்றைக்கு வீட்டார் ஒப்படைத்தால்தான் உடல் போகும். போஸ்ட்மார்ட்டம் செய்த உடலைப் பொதுவாக எடுக்கமாட்டார்கள். வீட்டார்தான் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அந்தத் தாளில் மனைவியையோ, பிள்ளையையோ, நம்பிக்கையுள்ள தம்பியையோ கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், ஒரு நகலும் அவர்களிடம் இருக்கட்டும்.