கடவுச்சொல் சரி, ஆனாலும் ரெஜிஸ்ட்ரி உள்ளே விட மறுக்கிறதா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். அலுவலக லினக்ஸ் சர்வரில் டாக்கர் ரெஜிஸ்ட்ரியை (டாக்கர் மென்பொருளின் இமேஜ்கள், அதாவது இயக்கத் தயாரான மென்பொருள் பொதிகள், சேமிக்கப்படும் கிடங்கு) நிறுவி, சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழை நானே உருவாக்கிப் பொருத்தினேன். இன்னொரு கணினியிலிருந்து லாகின் செய்தபோது, சான்றிதழில் கையொப்பமிட்டது யாரென்று தெரியவில்லை என்று பிழை வந்தது. நண்பர் சொன்னபடி அந்தக் கணினியின் டாக்கர் அமைப்பில் 'இன்செக்யூர் ரெஜிஸ்ட்ரி' பட்டியலில் சர்வரைச் சேர்த்தேன். இப்போது 401 (உள்ளே வர அனுமதி இல்லை) என்று மறுக்கிறது. கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றியும் பயனில்லை.

பதில்: கடவுச்சொல்லை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களுக்கு வந்தவை இரண்டு தனித்தனிப் பிழைகள். முதல் பிழை வந்தபோது உங்கள் கடவுச்சொல் சர்வரைச் சென்றடையவே இல்லை; சான்றிதழைப் பார்த்ததுமே டாக்கர் பின்வாங்கிவிட்டது. நண்பர் சொன்ன வழி அந்தச் சோதனையைத்தான் நீக்கியது. அதன் பிறகே உள்ளே காத்திருந்த இரண்டாவது கோளாறு கண்ணில் பட்டது.

டாக்கரை ஒதுக்கி வைத்துவிட்டு, இணைய முகவரியை நேரடியாகக் கேட்கும் 'கர்ல்' கட்டளையால், சான்றிதழ்ச் சோதனையைத் தவிர்க்கும் சிறிய எழுத்து 'கே' (-k) விருப்பத்தோடு, சர்வர் முகவரியின் முடிவில் /வி2/ (/v2/) சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பெயரும் கடவுச்சொல்லும் தராமல் கேட்டால் 401 வர வேண்டும். அது ரெஜிஸ்ட்ரி நலமாக இருப்பதன் அடையாளம். அவற்றைத் தந்து கேட்கும்போது 200 (வெற்றி) வந்தால் சிக்கல் உங்கள் கணினியில். அப்போதும் 401 என்றால் சிக்கல் சர்வரின் கடவுச்சொல் கோப்பில்.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகிப்பது இந்தக் கோப்பைத்தான். சர்வரில் அதைத் திறந்து, பயனர் பெயரை அடுத்து வரும் முக்காற்புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டாலர் குறியும் 'ஏபிஆர்1' என்ற எழுத்துகளும் இருந்தால் அது எம்டி5 முறையில் மறையாக்கப்பட்டது. டாலர் குறிக்குப் பின் '2ஒய்' இருந்தால் அது பிகிரிப்ட் என்ற வேறொரு மறையாக்க முறை. ரெஜிஸ்ட்ரி ஏற்பது பிகிரிப்டை மட்டுமே. கோப்பை உருவாக்கும் 'எச்டிபாஸ்வேர்ட்' கட்டளையோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால் எம்டி5 முறையைத்தான் கையாளும். நான்கு முறை மாற்றியும் நான்கு முறையும் தோற்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கட்டளையில் பெரிய எழுத்து 'பி' (-B) விருப்பத்தைச் சேர்த்துக் கோப்பைப் புதிதாக எழுதுங்கள்.

அடுத்து சான்றிதழ். 'இன்செக்யூர்' வரியை நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். வரும் சான்றிதழ் உண்மையில் உங்கள் சர்வருடையதுதானா என்ற சோதனையே அதனால் போய்விடுகிறது. எச்டிடிபிஎஸ் கிடைக்காவிட்டால் டாக்கர் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபிக்கும் இறங்கிவிடும். சரியான வழி, சான்றிதழ்க் கோப்பை 'சிஏ.சிஆர்டி' என்ற பெயரில் /ஈடிசி/டாக்கர்/செர்ட்ஸ்.டி அடைவுக்குள் வைப்பது. அங்கே சர்வரின் பெயரில் ஒரு துணை அடைவு வேண்டும். லாகின் கட்டளையில் 192.168.1.20:5000 என்று அடித்தால் துணை அடைவின் பெயரும் போர்ட் எண் உட்பட அதேதான். ஓர் எழுத்து பிசகினாலும் டாக்கர் எட்டிப் பார்க்காது. சான்றிதழுக்குள்ளும் அந்த முகவரி (போர்ட் எண் இல்லாமல்) மாற்றுப்பெயர்ப் பகுதியில் (Subject Alternative Name) இருக்க வேண்டும். டாக்கர் எழுதப்பட்டிருக்கும் கோ மொழி, 2020இல் வந்த 1.15 பதிப்பிலிருந்தே சர்வர் பெயரை எழுதும் பழைய இடமான 'காமன் நேம்' பகுதியை மட்டும் நம்பும் பழக்கத்தைக் கைவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் சான்றிதழ் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

லாகின் வெற்றி பெற்ற பிறகும் இமேஜை எடுக்க முடியவில்லை என்றால், கட்டளையை நிர்வாகி (ரூட்) பெயரில் இயக்கும் 'சூடோ' போட்டு லாகின் செய்தீர்களா என்று யோசியுங்கள். அனுமதி ரூட் பயனரின் அடைவில் பதிந்திருக்கும். உங்கள் பெயரில் ஓடும் கட்டளைக்கு அது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சத்துவாச்சாரியில் ஒரு சிறு அலுவலகத்தில், மின்வெட்டு வந்த மறுநாள் காலையெல்லாம் லாகின் தோற்றது. சான்றிதழ் 'காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்பது பிழை. அவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஒவ்வொரு முறையும் புதுச் சான்றிதழ் செய்துகொண்டிருந்தார்கள். லாகின் செய்யும் பழைய கணினியின் மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. புதுச் சான்றிதழின் தொடக்கத் தேதியும் அந்தக் கணினிக்கு எதிர்காலம்தான். அந்தச் சிறு பேட்டரியை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. உங்கள் கணினியிலும் 'டேட்' கட்டளையை ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழை அடைவில் வைத்ததற்காக டாக்கரை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. 'இன்செக்யூர்' வரியை நீக்கிய பின் செய்யும் மறுதொடக்கம் மட்டும் அந்தக் கணினியில் ஓடும் கன்டெய்னர்களையும் (டாக்கர் இயக்கும் மென்பொருள்களையும்) நிறுத்திவிடக்கூடும். அதை மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.